அண்ணி ஒய்பிக்குக் கட்டிய காப்பு

என் அண்ணி தனேஸ்வரிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அசாம் ஜாவாவைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஏழாங்கட்டைத் தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் அவருடையது. காலையில் லயத்துப் பக்கம் வேனை நிறுத்தினால் ஹாரன் அடிக்க மாட்டார். பேரைச் சொல்லி ஒரு கூப்பாடுதான். கடைசி வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையும் வாயில் நுரையோடு ஓடிவந்து ஏறிவிடும். இந்தத் தொண்டையைக் கட்சிக்காரர்கள் கண்டுபிடித்த நாளில்தான் எங்கள் குடும்பத்தை அரசியல் பிடித்தது.

என் அண்ணன் தேவதாஸ் அதற்கு நேர் எதிர். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். கல்யாணமான மறுவாரமே அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரமணி, உண்மையச் சொல்லு. உங்கண்ணனுக்குப் பேச வராதா, இல்ல என்னப் புடிக்கலையா?" என்று கேட்டார். ரெண்டும் இல்லை, நீங்கள் பேசி முடித்ததும் அவர் ஆரம்பிப்பார் என்று சொன்னேன். அண்ணி இன்னும் முடித்தபாடில்லை.

மருத்துவச் சந்தாச் சட்டம் வந்தபோது அண்ணி கொதித்துப்போனார். வேலையில் இருப்பவர்களுக்குச் சம்பளத்திலேயே சந்தா பிடித்துவிடுவார்கள். அண்ணியைப் போலச் சொந்தத் தொழில் செய்பவர்கள் தாங்களே மாசாமாசம் கட்ட வேண்டும். பெரிய நோய் வந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையும் நீளமாக இருந்தால், சந்தா கட்டியவரைத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்தியம் பார்ப்பார்கள். சட்டம் சொன்னது அவ்வளவுதான். ஆனால் மாசக் கடைசியில் கையைக் கடிக்கும்போது யாருக்கு வரப்போகிற நோய் ஞாபகம் வரும்?

"நோயே வராத ஆளுக்கு எதுக்குலா சந்தா? உங்கண்ணன் இது வரைக்கும் நோவுன்னு ஒரு நாள் எம்சி லீவு எடுத்திருப்பாரா? யாரோ நோகாம படுத்துக்கிட்டு வைத்தியம் பாக்க, நான் வேன் ஓட்டிக் கட்டணுமா?" என்று என்னிடமும், எதிரே வந்த எல்லாரிடமும் கேட்டார். எனக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. என் சம்பளச் சீட்டிலும் அந்தப் பிடித்தம் இருந்தது. நானும் அண்ணியோடு சேர்ந்து திட்டினேன், ஆனால் கொஞ்சம் மெதுவாக.

அந்தத் தேர்தலில்தான் சிவநேசன் நின்றார். உலு யாமில் வளர்ந்த டவுன் பிள்ளை, வாத்தியார் மகன், வக்கீல். நாற்பது வயசுகூட ஆகியிருக்காது. "நான் ஜெயிச்சா அந்தச் சட்டத்த ரத்து பண்ற மசோதாவ நானே கொண்டு வருவேன்" என்று அவர் சொன்ன அன்றே அண்ணி வேன் கூரையில் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டார். அசாம் ஜாவா, தஞ்சோங் காராங், சுங்கை புரோங் வயல்காட்டுப் பாதை என்று அந்த வேன் போகாத இடமில்லை. மலாய்க்காரர்கள் வாழும் கம்பத்துக்குள் போனால் மலாயில் பேசுவார். வயலில் இருந்தவர்கள் வரப்பில் ஏறி நின்று கேட்டார்கள்.

"இவரு குடுத்த வாக்க மீறினா இந்தத் தொகுதிக்குள்ள காலெடுத்து வைக்க முடியாது! அதுக்கு நான் பொறுப்பு!" என்று மைக்கில் முழங்கினார். அதோடு நிற்காமல், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மஞ்சள் துணியில் காசு முடிந்து, சட்டம் ஒழிந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று நேர்ந்தும் வைத்தார்.

சிவநேசன் ஜெயித்து ஒய்பி ஆனார்; நாடாளுமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். ஜெயித்த ஒய்பி போனை எடுக்கமாட்டார் என்பதுதான் நாம் கண்ட நடைமுறை. இவர் எடுத்தார். எடுத்து, "அக்கா, மறக்கல. மசோதாவுக்கு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். கட்சி மேலிடத்தில் சண்டை போட்டு, அரசாங்கத்தையும் சம்மதிக்க வைத்து, ஆடி மாசம் நாடாளுமன்றம் கூடும்போது கடைசி நாள் வியாழக்கிழமை காலையில் எடுத்துக்கொள்வதாகத் தேதியும் வாங்கிவிட்டார். கொண்டுவருகிறவர் அங்கே எழுந்து நின்று வாசிக்க வேண்டும். மற்றவர்கள் ஆமாம் போடக் காத்திருந்தார்கள். அண்ணி அந்தச் சேதியைப் பள்ளி வாசலில் நின்று அறிவித்ததில் உள்ளே பாடம் நின்றுபோனதாம்.

அதற்கு அடுத்த மாதம் அண்ணன் லோரியிலிருந்து இறங்கியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நெஞ்சுக் குழாயில் மூன்று அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள், இன்னொரு தடவை வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நேரம் கிடைக்காது என்று டாக்டர் சொன்னார். அதே டாக்டர், அரசாங்க வரிசையில் இடம் கிடைக்க அடுத்த வருஷத் தீபாவளியும் தாண்டும் என்றார். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவருக்குமே கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். சந்தா கட்டியிருக்கிறாரே, கிள்ளானில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். அவர்கள் பார்த்துவிட்டு உடனே தேதி கொடுத்தார்கள். எங்கள் கோயில் திருவிழாவுக்கு அடுத்த வாரம். அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார். அப்போது கவுண்டரில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒரு விஷயம். சட்டத்த எடுக்கப்போறாங்கன்னு சொல்றாங்க. பார்லிமெண்ட்ல அது பாஸாயிட்டா, அன்னைக்கே எல்லாத் தேதியையும் நிறுத்தி வைக்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. வேண்டிக்குங்க" என்றாள்.

கிள்ளானிலிருந்து அசாம் ஜாவா வரும்வரை அண்ணி வேனில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த மௌனம்தான் பெரிய பயத்தைக் கொடுத்தது.

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு கோல சிலாங்கூரில் இருக்கும் ஒய்பியின் சேவை மையத்துக்குப் போனார். போய் உட்காரக்கூட இல்லை.

"ஒய்பி, நீங்க அந்த மசோதாவ விட்டுடணும்."

சிவநேசன் சிரித்தார். அண்ணி விளையாடுகிறார் என்று நினைத்திருப்பார். அண்ணி எல்லாவற்றையும் சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது. எழுந்து வந்து அண்ணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, கேக்கவே வேதனையா இருக்கு. ஆனா சுங்கை புரோங்ல, தஞ்சோங் காராங்ல, சின்னச் சின்னக் கடைக்காரங்க எல்லாம் அந்த வியாழக்கிழமைய நம்பி இருக்காங்க. நீங்கதானே மைக்குல சொன்னீங்க, வாக்கு மீறக் கூடாதுன்னு? ஒரு வீட்டுக்காக எப்படிக்கா மீறுறது? ஆஸ்பத்திரிக்கு ஒரு சிபாரிசு லெட்டர் குடுக்குறேன்."

"லெட்டர வச்சு அடைப்ப எடுப்பாங்களா, தம்பி?"

வெளியே வந்ததும் அண்ணி வேன் கதவை அடைத்த அடியில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நாட்டுல இருக்கிற ஒய்பி எல்லாம் சொன்னதச் செய்யமாட்டானுங்க. நமக்குன்னு வாய்ச்சான் பாரு, சத்தியசந்தன்! நானே ஊர் ஊராப் போயி ஓட்டுக் கேட்டுத் தேடிப் புடிச்சிருக்கேன்!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அங்கிருந்து நேராகக் கோயில். நேர்ந்து முடிந்து வைத்த மஞ்சள் துணியை அவிழ்த்துக் கொடுக்கச் சொல்லிப் பூசாரி சன்னாசியிடம் நின்றார். சன்னாசி கண்டிப்பான மனுஷர். ஒய்பி ஆனாலும் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் ஆனாலும் அவருக்கு ஒன்றுதான்.

"சட்டம் போகணும்னு கேட்ட. இப்ப இருக்கணும்ங்கிற. சாமி என்ன பாசார் கடையா, வாங்கின சாமானத் திருப்பிக் குடுக்க? போ போ, எனக்கே ஆயிரம் கவலை. திருவிழாவுக்கு முதல் காப்பு யாருக்குக் கட்டுறதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டிருக்கேன்."

முதல் காப்பு எங்கள் தோட்டத்து வழக்கம். திருவிழா தொடங்கும் அன்று சாயங்காலம் அம்மனுக்குக் கட்டிய கையோடு, மஞ்சள் கோர்த்த கயிற்றை ஓர் ஆள் மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டிக்கொண்டவர் திருவிழா முடிந்து காப்பை இறக்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. முன்னே தோட்டம் முழுக்கவே தாண்டாதாம். வெளிவேலைக்குப் போகிறவர்கள் அதிகமானதும், எல்லாருக்கும் சேர்த்து ஒருவர் மட்டும் உள்ளே நின்றால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் கோயில் தலைவர் நடராஜாதான் நிற்பார். அந்த வருஷம் அவர் ரவாங்கில் மகன் வீட்டோடு போய்விட்டார். புதன்கிழமை காப்புக் கட்டி, வெள்ளிக்கிழமை பூ மிதிப்பு முடிந்து இறக்குவது. நடுவில் வருவது அதே மசோதா வியாழக்கிழமை.

அண்ணி அம்மனைப் பார்த்தார். சன்னாசியைப் பார்த்தார். "ஒய்பிக்குக் கட்டுனா என்ன, சன்னாசிண்ணே? நம்ம கோயிலுக்கும் பெருமைதானே?" என்றார். என்றைக்கும் இல்லாத மெல்லிய குரலில் சொன்னார். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

ஒய்பிமார்கள் தங்கள்மேல் எது விழுந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். மாலை, பொன்னாடை, தலைப்பாகை, எதையும் என்ன ஏது என்று கேட்பதில்லை. டவுன் பிள்ளை சிவநேசனுக்குத் தோட்டத்துக் கோயில் கட்டுப்பாடெல்லாம் எங்கே தெரியும்? முதல் மரியாதை உங்களுக்குத்தான் என்று அண்ணி போன் பண்ணியதும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். தன்மேல் அண்ணிக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாராம், பாவம்.

புதன்கிழமை சாயங்காலம் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். உதவியாளர் காரிலேயே இருந்தார். அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்று கணக்கு. உருமி மேளம் அதிர, சன்னாசி அம்மன் கையில் கட்டிவிட்டு ஒய்பி கையில் கட்டினார். கட்டிவிட்டு மைக்கை வாங்கினார்.

"முதல் காப்பு நம்ம ஒய்பி கையில கட்டியாச்சு! வெள்ளிக்கிழமை காப்பு இறக்குற வரைக்கும் அவரு நம்ம எல்லை தாண்ட மாட்டாரு! நம்மகூடவே தங்குவாரு!"

எப்பேர்ப்பட்ட சத்தம்! ஒய்பி என்றால் வருவார், கும்பிடுவார், படம் பிடித்துக்கொள்வார், போவார். தங்குகிற ஒய்பியைத் தோட்டம் பார்த்ததே இல்லை. பெண்கள் குலவையிட்டார்கள். நாலைந்து பேர் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்: ஒருவர் வீட்டுப் புது மெத்தை, ஒருவர் வீட்டு மின்விசிறி, இன்னொருவர் வீட்டில் கல்யாணத்துக்கு வாங்கிப் பிரிக்காத போர்வை. பொடியன்கள் எல்லாம் போனைத் தூக்கிப் பிடித்து நேரலை விட்டார்கள். ஒய்பி முதலில் சிரித்தார். பிறகு சன்னாசி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார். நான் திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கூட்டம் சோற்றுப் பந்திக்குப் போனதும், கோயில் அடுப்படிப் பக்கம் ஒய்பி வந்தார். நானும் அண்ணியும் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, காலையில நான் பார்லிமெண்ட்ல நிக்கணும். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் கட்ட வச்சீங்களா?"

"ஆமா, ஒய்பி. நான்தான். சன்னாசிண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. திட்டுங்க. என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

"நாளைக்கு நான் எழுந்து நிக்கலன்னா மசோதா விழுந்துடும். ஊர் ஊரா என்னப் பொய்யன்னுவாங்க."

"ஆமா."

"கழட்டிட்டுப் போனா?"

அண்ணி இலையைக் கீழே வைத்தார். "போங்க. வழிய மறிக்க மாட்டேன். என்னால முடிஞ்சது இவ்வளவுதான், தம்பி. அவரு இல்லன்னா எனக்கு ஒண்ணும் இல்ல."

ஒய்பி கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு பந்திப் பக்கம் போனார்.

கூட்டத்துக்குள் வரக் கூடாது என்று அண்ணனை வீட்டில் படுக்க வைத்திருந்தோம். நான் போய் நடந்ததைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை என்று மட்டும் தெரிந்தது.

விடிந்தும் விடியாமல் தோட்டத்து வாசலில் ஊரே கூடிவிட்டது. காவல் கொட்டகைக்கு அந்தப் பக்கம் ஒய்பியின் கார் இன்ஜின் ஓட நின்றது. இந்தப் பக்கம் ஒய்பி. உதவியாளர் கைக்கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோலாலம்பூர் நெரிசலில் மாட்டாமல் போக வேண்டுமானால் அப்போதே கிளம்பியாக வேண்டும்.

"பூசாரி, இதக் கழட்ட வழி இருக்கா?" என்று ஒய்பி கேட்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

சன்னாசி யோசித்தார். "சும்மா கழட்ட முடியாது. மாத்திக் கட்டலாம். இந்தத் தோட்டத்து ஆளு ஒருத்தர் கைய நீட்டட்டும். அவரு உள்ள நிக்கட்டும், நீங்க போங்க."

யார் நீட்டுவார்கள்? வந்த ஒய்பியை விரட்டிவிட யாருக்கு மனசு வரும்? ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி என் கையை இறுகப் பிடித்திருந்தார். எனக்கு ரத்தம் ஓடாமல் விரல் மரத்துப்போனது. கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடினால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் லயத்துப் பக்கமிருந்து அண்ணன் வருவது தெரிந்தது. ஒவ்வொரு வீட்டு வேலிக் கம்பியையும் பிடித்து நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்து வந்தார். "ஏங்க! நடக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல!" என்று அண்ணி ஓடினார். அண்ணன் அவரை ஒதுக்கிவிட்டு நேராகச் சன்னாசிக்கு முன்னால் வந்து கையை நீட்டினார்.

"எனக்குக் கட்டுங்க, சன்னாசிண்ணே. ஒய்பி போகட்டும்."

"யாருங்க இவரு?" என்று ஒய்பி கேட்டார்.

"எங்கண்ணன், ஒய்பி. அண்ணியோட வீட்டுக்காரரு" என்றேன்.

ஒய்பி அண்ணனைப் பார்த்தார். அந்தக் குளிரிலும் வேர்த்து வழிந்த நெற்றியை, மேலும் கீழும் ஏறி இறங்கிய நெஞ்சை, நீட்டிய கையைப் பார்த்தார். "நான் போனா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்." அண்ணன் மூச்சுக்காக நின்றார். "ஊருக்குச் சொன்ன சொல்லு. எனக்காகக் கெட வேணாம். என் பொண்டாட்டி பண்ணினது தப்பு. பயத்துல பண்ணிட்டா. அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

அண்ணன் வாயிலிருந்து ஒரே சமயத்தில் அவ்வளவு வார்த்தைகள் வந்து நான் கேட்டதே இல்லை. அண்ணி சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். சன்னாசி ஒய்பியின் மணிக்கட்டைப் பிடித்து முடிச்சின் நுனியைத் தேடினார். நுனி கிடைத்தது. இழுக்கப்போனார்.

ஒய்பி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேணாம் பூசாரி. இருக்கட்டும்." உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். "நான் வரலன்னு சொல்லிடு. இன்ஜின அடைச்சிட்டு நீயும் பசியாற வா."

காரணம் தெரிந்தவர்கள் கொஞ்சம்பேர், தெரியாதவர்கள்தான் நிறைய. ஆனால் ஒய்பி போகவில்லை என்றதும் எல்லாரும் கத்தினார்கள். உருமி அடிப்பவர் எங்கிருந்துதான் ஓடி வந்தாரோ, மேளம் பிளந்துகட்டியது. அண்ணி அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். அந்தத் தொண்டையில் அழுதால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். ஒய்பி என் அண்ணன் தோளைப் பிடித்து, மெதுவாக வீடுவரை நடத்திக் கூட்டிப்போனார்.

மசோதாவைக் கொண்டுவந்தவர் அவையில் இல்லை, அதனால் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று பகலில் செய்தி வந்தது. அப்போது ஒய்பி கோயில் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முதல் காப்புக் கட்டியவர்தான் பூக்குழியில் முதலில் இறங்க வேண்டும் என்பதை அவருக்கு வெள்ளிக்கிழமை காலையில்தான் சொன்னார்கள். "இன்னும் என்னென்ன பாக்கி இருக்கு, எல்லாத்தையும் இப்பவே சொல்லிடுங்க" என்று சன்னாசியிடம் கெஞ்சினார். இறங்கினார். நடந்தார் என்று சொல்ல முடியாது, பறந்தார். ஆனால் கால் சுடவில்லை.

அடுத்த வாரம், சொன்ன தேதியில், கிள்ளானில் அண்ணனுக்கு நெஞ்சைத் திறந்தார்கள். அண்ணி ஆஸ்பத்திரி நடைபாதையில் நடந்துகொண்டே இருந்தார். டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றதும், தாதிகள் மூன்று பேர் ஓடிவந்து அண்ணியைச் சத்தம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பார்க்க வந்த ஒய்பியிடம் அண்ணி, "அடுத்த கூட்டத்துல அந்த மசோதாவ மறுபடியும் எடுப்பீங்களா?" என்று கேட்டார். "உங்க வீட்டுக்காரர் கைய நீட்டினதப் பாத்தப்புறம், அத வாசிக்க எனக்கு வாய் வராதுக்கா. இந்த மாதிரி எத்தன பேரு தேதி வாங்கிக் காத்திருக்காங்களோ" என்றார். பிறகு ஒன்று கேட்டுக்கொண்டார். "காரணத்த வெளியில சொல்லாதீங்க. உங்களப் புடிச்சுக் கிழிச்சிடுவாங்க. நான் பாத்துக்குறேன்."

அவர் பார்த்துக்கொண்ட லட்சணத்தை ஊர் அறியும். திருவிழா பார்க்கப் போய் வாக்கு தவறிய ஒய்பி என்றார்கள், கோழை என்றார்கள், யாரிடமோ வாங்கிவிட்டார் என்றார்கள். சுங்கை புரோங்கில் இருந்த கடைக்காரர்கள் அவர் படத்தைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். சந்தா இன்றும் கட்டுகிறோம். அண்ணி இன்றும் மாசாமாசம் அதைத் திட்டிக்கொண்டேதான் கட்டுகிறார், அது வேறு விஷயம். ஆனால் ஒய்பியைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் அண்ணி எழுந்து போய்விடுவார். மெதுவாகவே பேசத் தெரியாத மனுஷி, இத்தனை வருஷமாக அந்த ஒன்றை மட்டும் தொண்டைக்குள் அடக்கி வைத்திருந்தார். தோட்டத்து ஆட்களும் வெளியில் மூச்சு விடவில்லை.

இப்போது மறுபடி தேர்தல். சிவநேசன் மறுபடி நிற்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அசாம் ஜாவாவில் கூட்டம். நானும் அண்ணனும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி மேடையேறி மைக்கைப் பிடித்ததுமே பின்னாலிருந்து ஒருவன், "அக்கா, போன தடவ நீங்கதானே பொறுப்புன்னீங்க! சட்டம் என்னலா ஆச்சு?" என்று கத்தினான். இன்னும் நாலு குரல் சேர்ந்துகொண்டது. "பொய்யன்! பொய்யன்!" மேடையில் ஒய்பி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி வாயைத் திறந்தார். மூடினார். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தத் தொண்டை அடைத்துப்போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பக்கத்தில் பார்த்தால் அண்ணன் நாற்காலி காலி. அவர் மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். அண்ணி கையிலிருந்து மைக்கை வாங்கினார். எப்படிப் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை; அது ஒருமுறை கீச்சென்று அலறியது. மைக்கை மறுபடி அண்ணி கையிலேயே கொடுத்துத் தன் வாய்க்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். பிறகு சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, இரண்டு பக்கமும் விலக்கிப் பிடித்தார். தொண்டைக்குழியிலிருந்து வயிற்று மேடுவரை நேராக ஓடிய அந்தத் தழும்பு கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

"ஒய்பி காப்பாத்தாத வாக்கு இதுதான்" என்றார் அண்ணன். "நல்லாப் பாத்துக்குங்க. அன்னைக்கு அவரு போயி அந்த மசோதாவ வாசிச்சிருந்தா இது இல்ல. நானும் இல்ல. என்ன விட்டுட்டுப் போகச் சொன்னேன். அவரு போகல."

பின்னால் கத்தியவன் எங்கே என்றே தெரியவில்லை. ஒய்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடல் பக்கமிருந்து காற்று வீசி, மேடையில் கட்டியிருந்த கொடிகள் படபடத்தன. அண்ணன் அப்படியே நின்றார்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. மைக் தன் கையில் இருப்பதையே மறந்து, அவர் சட்டையை இழுத்து மூடி, "போதும்ங்க! காத்தடிக்குது, நெஞ்சுல படக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல! பொத்தானப் போடுங்க முதல்ல!" என்று அதட்டினார். அது அசாம் ஜாவா முழுக்கக் கேட்டது. அண்ணி ஒரு கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டார். கடைசிப் பொத்தான்வரை கூட்டம் எழுந்து நின்று காத்திருந்தது.